கண்ணாடியைத் தட்டியவன் எழுதுவது

தெமட்டகொடை,
கொழும்பு 09.

அன்புள்ள தம்பி,

நுவரெலியாவிலிருந்து நீர் எழுதிய கடிதமும் கூட வைத்திருந்த படமும் கிடைத்தன. படத்தில் உமது எல்ஃப் லொறியின் டேஷ்போர்டில் பிள்ளையார் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று வட்டம் போட்டு வைத்திருக்கிறீர். ஒன்று ஒயில் மீற்றருக்கு, ஒன்று தண்ணி மீற்றருக்கு, மூன்றாவது பூஸ்ட் மீற்றருக்கு. துளை போடலாமா என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறீர். இன்னும் போட வேண்டாம் என்று ஒற்றை வரியில் நானும் முடித்துவிடலாம். ஏன் என்று சொல்லாமல் விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ட்ரில்லை எடுத்துவிடுவீர். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்தேன். உம்மைப்போல வேறு யாரும் பென்சிலோடு இருக்கக்கூடும் என்பதால் இதைத் தபாலில் போடாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில், உமது ஆசையில் பிழை இல்லை. கம்பனி வைத்துத் தந்த ஒயில் விளக்கு இருக்கிறதே, அது அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோ அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். வேகமாக ஓடுகிற எஞ்சினுக்கு மூன்று, நான்கு கிலோ வேண்டும். நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் வழி முழுக்க அந்த விளக்கு வாய் திறக்காது. கடைசியில் எரியும்போது அது வாசிப்பது மரண அறிவித்தல். தண்ணிச் சூட்டு முள்ளும் அப்படித்தான். பல ஜப்பான் வண்டிகளில் 75 பாகையிலும் அது நடுவில் நிற்கும், 95இலும் நடுவில் நிற்கும். முள் ஆடினால் சாரதி பயப்படுவான் என்று கம்பனிக்காரன் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறான். ரம்பொடை ஏற்றத்தில் மூன்று தொன் சாமானோடு இரண்டாம் கியரில் ஊர்கிறவனுக்கு அந்த மரியாதை தேவையில்லை. அவனுக்கு எண் வேண்டும்.

எனக்கும் எண்தான் வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். எங்கள் எல்ஃப் என் மகனைவிட இரண்டு வயது மூத்தது. அதை விற்றுவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த மாதத்தோடு போயிற்று. இருக்கிற எஞ்சினைக் கண் போலப் பார்க்க வேண்டும் என்றுதான் மீற்றர் வாங்கக் கிளம்பினேன். கண்ணைக் குத்தியது அந்த மீற்றர்தான், தம்பி. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

தெமட்டகொடையிலிருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தே போகலாம். கழற்றிய எஞ்சின் முதல் ஒற்றைத் திருகாணி வரை அங்கே கிடைக்கும். என்ன வேண்டும் என்று தெரிந்து போகிறவனுக்கு அது சொர்க்கம். நான் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். 52 மில்லிமீற்றர் வட்ட மீற்றர்கள் ஒரு கடையில் வரிசையாக நீல வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. மகன் பூஸ்ட் மீற்றரை விட்டு நகரவில்லை. அதையும் வாங்கினோம். எங்களுடையது 4எச்எஃப்1 எஞ்சின். 4334 சீசீ, தானாகக் காற்று இழுப்பது. டர்போ என்ற சாமானே அதில் இல்லை. இல்லாத டர்போவின் அழுத்தத்தை அளக்க ஒரு மீற்றர்! கடை நானா சிரிக்கவில்லை, அவர் வியாபாரி. உமது கடிதத்திலும் மூன்றாவது வட்டத்தைக் கண்டதும் எனக்கு அந்த நீல வெளிச்சம் ஞாபகம் வந்தது. உமது எஞ்சின் எது என்று நீர் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் வோல்ட் மீற்றரைப் பூட்டினேன். எல்ஃப் 24 வோல்ட் வண்டி, மீற்றர் 12 வோல்ட். சாவியைத் திருப்பியதும் முள் வலது ஓரத்தில் போய் முட்டியது. பிறகு ஒரு மணம். அதை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு தரம் மணந்தவன் மறக்க மாட்டான். மறுநாள் புத்தி வந்ததாக நினைத்து இன்னும் பெரிய பிழையைச் செய்தேன். வண்டியில் 12 வோல்ட் பற்றறி இரண்டு தொடராகத்தானே இருக்கின்றன, ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்தால் 12 கிடைக்கும் என்று எடுத்தேன். மற்ற மீற்றர்கள், அவற்றின் விளக்குகள், மகனின் ரேடியோ எல்லாம் அந்த ஒற்றைப் பற்றறியில். ஜெனரேட்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் சார்ஜ் பண்ணும். ஒன்று அரைப் பசியில் கிடக்கிறது, மற்றது நிரம்பி வழிகிறது என்று அதற்குத் தெரியாது. பசித்தது பசித்தே போனது, நிரம்பியது கொதித்துத் தண்ணீர் வற்றியது. ஏழாம் மாதம் இரண்டையும் எறிந்தேன். 24ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைவிட நல்லது 24 வோல்ட் மீற்றரையே தேடி வாங்குவது. பிற்பாடு அப்படி வாங்கிய வோல்ட் மீற்றர் இன்றும் வேலை செய்கிறது, ஓடும்போது 28ஐத் தொட்டு நிற்கிறது. நான் வண்டியில் பூட்டியவற்றில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

கபின் கவிழ்த்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். எங்கள் வண்டி கபினை முன்னால் சாய்த்து எஞ்சினைப் பார்க்கும் வகை. மீற்றர் வயரை அழகாக, தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தேன். கபினைச் சாய்த்தபோது வயர் வரவில்லை, மீற்றர் வந்தது. இது நடந்தது ஒரு தரம்தான். இரண்டாம் தரம் சாய்க்கும்போது தாராளமாகத் தொய்வு விட்டிருந்தேன். அந்தத் தொய்வு புகைக் குழாய் மேல் விழுந்து உருகிக் கிடந்தது. பியூஸ் போட்டிருந்ததால் வண்டி தப்பியது. பியூஸ் போடச் சொன்னது வயரிங் பாஸ், நானில்லை.

இனி ஒயில் மீற்றர். கடிதமே இதற்காகத்தான், ஆறுதலாகப் படியும்.

ஒயில் சென்சர் என்பது ஒரு பெரிய தேசிக்காய் அளவு இரும்புக் குமிழ். அழுத்தத்துக்கு ஏற்ப அதன் உள்ளே மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் மீற்றர் முள் காட்டுகிறது. ஆனால் மாறுகிற திசை எல்லா நாட்டிலும் ஒன்றில்லை. ஐரோப்பிய வகையில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், நிரம்பினால் 180. அமெரிக்க வகையில் இல்லாதபோது 240, நிரம்பினால் 33. நான் வாங்கியது அமெரிக்க வகை மீற்றர், பெட்டிக்குள் கிடந்தது ஐரோப்பியச் சென்சர். எஞ்சின் நின்றால் முழு அழுத்தம், ஓட ஓட முள் கீழே வருகிறது! வண்டியை நிறுத்தி வைத்திருந்தால்தான் எஞ்சினுக்கு ஆரோக்கியம் என்று மகன் முடிவு செய்தான். அவன் சொன்னதில் வேறொரு உண்மை இருக்கிறது, அதை விடுவோம். கடைக்குத் திரும்பிப் போய் அமெரிக்கச் சென்சரை மாற்றி வாங்கி வந்தேன். அதோடு அமெரிக்க மரையும் வந்து சேர்ந்தது.

ஜப்பான் எஞ்சினில் ஒயில் சுவிட்ச் இருக்கும் எட்டில் ஒரு அங்குலத் துளையின் மரை ஆங்கிலேயர் வழி வந்தது. அங்குலத்துக்கு 28 சுற்று, பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரையில் 27 சுற்று, 60 பாகை. கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். திருகினால் முதல் இரண்டு சுற்றும் சிநேகமாகப் போகும். மூன்றாவதில் இறுகும். நன்றாக இறுகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில் உள்ளே ஒன்றை ஒன்று அரைத்துக்கொண்டிருக்கும். நான் பூட்டியது T எழுத்து வடிவப் பித்தளை இணைப்பு, டீ என்பார்கள். டீயின் ஒரு கையில் கம்பனியின் பழைய சுவிட்ச், மறு கையில் அந்தத் தேசிக்காய். டீயின் கால் எஞ்சினில், பொருந்தாத மரையில். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் ஒயில் வியர்த்தது. கழற்றி வெள்ளைத் த்ரெட் டேப் சுற்றினேன். கொஞ்சம் குறைந்தது. இன்னும் சுற்றினேன். ஒயில் நின்றது.

ஒயிலோடு இன்னொன்றும் நின்றது. அந்தச் சென்சருக்கு வயர் ஒன்றுதான். மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதன் உடம்பு. மரை எஞ்சினைத் தொடுகிற இடத்தில்தான் எர்த். நான் சுற்றிய டேப் அந்த இடத்தைப் போர்வை போலப் போர்த்திவிட்டது. அங்கங்கே டேப் கிழிந்து உலோகம் உரசிய இடத்தில் எர்த் கிடைக்கும், குலுங்கினால் கிடைக்காது. எர்த் கெட்டால் தடை கூடும். அமெரிக்க மீற்றரில் தடை கூடினால் முள் பூச்சியத்துக்கு விழும். பள்ளத்தில் ஏறி இறங்கினால் முள் விழும், தானாக எழும்பும். முதல் தரம் விழுந்தபோது பதறிப்போய் ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே நிறுத்தினேன். பின்னால் வந்தவன் சொன்னதை எழுத முடியாது. ஒயில் பார்த்தேன், சரியாக இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன், முள் எழும்பியது. நாலைந்து தரம் இப்படி நடந்தது. பிறகு நிறுத்துவதில்லை, தட்டுவதோடு சரி. இரண்டு மாதத்தில், இடது கை கியரைத் தேடுவது போல, என் விரல் தானாகக் கண்ணாடியைத் தேடிப் பழகிவிட்டது.

2022 தொடக்கம். பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறியை இறக்கிவிட்டு விடியப்புறம் மூன்று மணிக்கு வெறும் வண்டியோடு வீட்டுக்கு வருகிறேன். களனிப் பாலம் கடந்ததும் முள் விழுந்தது. தட்டினேன். எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். பக்கத்தில் கம்பனியின் ஒயில் விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை. அதுதான் எனக்குத் தைரியம் தந்தது. புது மீற்றர் பொய் சொல்லலாம், விளக்கு இருபது வருடமாகப் பொய் சொன்னதில்லை. வீடு இன்னும் இரண்டு மூன்று கிலோமீற்றர். பேஸ்லைன் வீதியில் ஒரு மனிதரும் இல்லை, வண்டி பறந்தது. தெமட்டகொடைச் சந்திக்கு வரும்போது எஞ்சினுக்குள்ளே யாரோ சம்மட்டியால் தட்டுகிற சத்தம். இம்முறை தட்டியது நானில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்தத் தேசிக்காயின் பாரமும் டீசல் எஞ்சினின் நடுக்கமும் சேர்ந்து, மாதக் கணக்கில் ஆட்டி ஆட்டி, டீயின் பித்தளைக் காலை எஞ்சினோடு ஒட்ட முறித்துவிட்டன. துளை வழியாக எஞ்சின் தன் ஒயிலைத் தானே வீதியில் ஊற்றியது. முறிந்த டீ, இரண்டு கையிலும் சென்சரையும் சுவிட்சையும் பிடித்தபடி, வயரில் தொங்கியது. சென்சருக்கு எர்த் இல்லை, முள் பூச்சியத்தில். அது தற்செயலாகச் சொன்ன உண்மை. விளக்கின் சுவிட்சும் எஞ்சினைத் தொட்டு எர்த் எடுத்துத்தான் விளக்கை எரிக்கும். தொங்குகிற சுவிட்சுக்கு எர்த் ஏது? ஒயில் துளியும் இல்லாத எஞ்சினில் விளக்கு எரியாமல் இருந்ததன் காரணம் அதுதான். இருபது வருடம் உண்மை சொன்ன சாட்சியின் வாயை நானே டீ போட்டுக் கட்டியிருக்கிறேன். மீற்றர் பூட்டாத லொறியாக இருந்திருந்தால் அந்தத் துளையே இல்லை. வேறு வழியில் ஒயில் போயிருந்தாலும் விளக்கு எரிந்திருக்கும்.

விடிந்ததும் நடந்து போய்ப் பார்த்தேன். சந்தியிலிருந்து ஒருகொடவத்தைப் பக்கமாக வீதியின் இடது ஓரத்தில் கறுப்புக் கோடு. எங்கள் பக்கத்தில் மெலிந்து புள்ளி புள்ளியாக இருந்தது, போகப் போகத் தடித்தது. மெயின் பியரிங், கொன்ரொட் பியரிங், கிராங்க் எல்லாம் போயிற்று. மீற்றரின் விலையைப்போல எத்தனை மடங்கு என்று மனைவி கணக்குப் பார்த்தாள். அந்தக் கணக்கை இங்கே எழுதவில்லை. எஞ்சின் கராஜில் கிடந்து, எழும்பி வந்த நேரம் டீசல் இல்லை. எல்லாரும் வரிசையில் நின்ற அந்த வருடம் எங்கள் வண்டி வரிசைக்கும் போகவில்லை.

அந்த நாட்களில் வண்டி வாசலில் கவிழ்ந்த கபினோடு நிற்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார், இங்கே தெமட்டகொடை லோகோ ஷெட்டில் நிலக்கரி எஞ்சின் காலத்தில் ஃபயர்மேனாக இருந்தவர். கையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து, முறிந்த டீயை வாங்கி உருட்டிப் பார்த்தார். கதையைக் கேட்டார். "கண்ணாடியைத் தட்டினா என்ன தம்பி தெரியும்?" என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

நீராவி எஞ்சினில் கொதிகலத்தின் தண்ணீர் மட்டத்தைக் காட்ட நிமிர்ந்த கண்ணாடிக் குழாய் இருக்கும், பெரும்பாலும் இரண்டு. மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி, அடியில் ஒரு வடிகுழாய், ஒவ்வொன்றுக்கும் திறப்பு. உப்புப் படிந்து வழி அடைத்துக்கொண்டால் கண்ணாடிக்குள் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். உள்ளே மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், கண்ணாடி நிறைந்திருப்பதாகச் சொல்லும். ஆகவே வேலைக்கு ஏறியதும் முதல் காரியம், வடிகுழாயைத் திறந்து கண்ணாடியை வெறுமையாக்குவது. மூடியதும் தண்ணீர் துள்ளிக்கொண்டு திரும்பி வர வேண்டும். மெதுவாக ஏறினால் அந்தக் கண்ணாடியை நம்பக் கூடாது. ஓடும்போது மட்டம் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் சந்தேகம். இரண்டும் பொய்யானாலும் நெருப்பு எரிகிற அறையின் கூரையில் ஈயத் தக்கை இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி சீறிக்கொண்டு நெருப்பில் பாயும். அதைக் கேட்காமல் இருப்பது கஷ்டம்.

எனக்கு என் விளக்கு ஞாபகம் வந்தது. மூன்று சாட்சியையும் தனித்தனி வழியில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு சாட்சியை ஒரே பித்தளைக் காலில் நிறுத்தினேன்.

இனி உமது வண்டிக்கு வருவோம். ஒயில் மீற்றர் பூட்டும், பூட்டத்தான் வேண்டும். ஆனால் கம்பனிச் சுவிட்சைப் பழைய துளையிலேயே விட்டுவிடும். எஞ்சினில் வேறு அடைப்பாணித் துளை இருக்கிறதா என்று தெரிந்த பாஸிடம் கேட்டு அதில் எடும். துளைக்கு ஏற்ற மரையில் லேத்தில் ஒரு இணைப்பு கடைந்துகொள்ளும்; டேப்பால் மரையை ஏமாற்ற வேண்டாம். சென்சரை எஞ்சினில் தொங்கவிடாமல் சசியில் ஒரு தகட்டில் பூட்டி, அழுத்தம் தாங்கும் குட்டை ஹோஸால் எஞ்சினோடு இணையும். ஹோஸ் ரப்பர் என்பதால் எர்த்துக்கு அந்தத் தகட்டிலிருந்து தனி வயர் ஒன்று. படத்தின் ஓரத்தில் தெரிகிற உமது ஒயில் மீற்றரின் முகத்தில் 100 கிலோ பாஸ்கல் பெருக்கல் என்று போட்டிருக்கிறது. அதில் 3 என்றால் கிட்டத்தட்ட மூன்று கிலோ, சதுர அங்குலத்துக்கு 43 இறாத்தல். கராஜில் யாராவது 40 வேண்டும் என்று சொன்னால் முள்ளை 40இல் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஒயிலைக் குழாயில் நேரே கபினுக்குக் கொண்டுவரும் பழைய வகை மீற்றரும் விற்கிறார்கள். வயரே வேண்டாம், பொய்யும் குறைவு. அந்த நைலோன் குழாய் வெடித்தால் கொதிக்கிற ஒயில் உமது முழங்காலில். நான் வைக்க மாட்டேன்.

தண்ணி மீற்றரைப் பூட்டுவதற்கு முன் சென்சரை வயரோடு கொதிநீரில் முக்கிப் பாரும். உடம்புக்கு எர்த் வயர் ஒன்று கொடுக்க மறக்க வேண்டாம். இங்கே தெமட்டகொடையில் 100 காட்ட வேண்டும். உமது வீட்டில் 93, 94 காட்டினால் மீற்றரைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்காதேயும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீரே அவ்வளவில்தான் கொதிக்கும். இன்னொன்று. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சர் காற்றில் நிற்கும். எஞ்சின் வேகிக்கொண்டிருக்கும், முள் நிதானமாகக் கீழே இறங்கும். ஏற்றத்தில் முள் காரணமில்லாமல் இறங்குவதைக் கண்டால் சந்தோஷப்படாமல் ஓரம் கட்டும். சாவியைத் திருப்பும்போதெல்லாம், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், ஒயில் விளக்கு எரிகிறதா என்று ஒரு தரம் பாரும். எரியாத விளக்கோடு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டாம்.

பிள்ளையாரை நகர்த்தாமல் இரண்டு வட்டத்துக்கு இடம் இருக்கிறது. துளை போடுமுன் டேஷ்போர்டின் பின்னால் கையை விட்டு வயர்க்கட்டு எங்கே போகிறது என்று பாரும். நான் பார்க்காததால் வைப்பர் இரண்டு மழைக்கு வேலை செய்யவில்லை.

மூன்றாவது வட்டத்தைப் பற்றி: எஞ்சின் இலக்கத்தை எழுதி அனுப்பும். டர்போ இருந்தால் புதிதாக வாங்க வேண்டாம், என் மேசை லாச்சியில் ஒரு பூஸ்ட் மீற்றர் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, தபாலில் அனுப்பி வைக்கிறேன். 12 வோல்ட்.

அன்புடன்,
தெமட்டகொடை லொறிக்காரன்